பொன்னியின் செல்வன் முடிந்தது, அடுத்து எதை எடுப்பது?

உங்கள் கேள்வி இது: பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் படித்து முடித்துவிட்டீர்கள், அதிலும் வந்தியத்தேவன் இலங்கைக்குப் போகிற இரண்டாம் பாகம் ரொம்பப் பிடித்திருந்தது, அந்த ஜோரில் உடையார், கடல் புறா, காவல் கோட்டம் என்று மூன்றை எடுத்தீர்கள், மூன்றும் நூறு பக்கத்துக்குள் நின்றுபோயின, இப்போது எதை எடுத்தாலும் மனசு ஒட்டவில்லை, அதே மாதிரி ஒரு நாவல் வேண்டும். நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் பெயர் மட்டும் சொன்னால் நான்காவதாக ஒன்றை எடுத்து அதையும் பாதியில் வைப்பீர்கள்.

இந்தக் கேள்விக்கு யாரிடம் போனாலும் கிடைக்கும் பதில் பாடுபொருளை வைத்துத்தான் வரும். சோழர் கதை பிடித்ததா, இதோ இன்னொரு சோழர் கதை. கப்பல் பிடித்ததா, இதோ கப்பல். சரித்திரம் பிடித்ததா, இதோ ஆயிரம் பக்கத்துக்குச் சரித்திரம். நீங்கள் எடுத்த மூன்றும் அப்படி வந்தவைதான் என்று நினைக்கிறேன். மூன்றும் முக்கியமான நாவல்கள், அவற்றை விட்டதற்காக நீங்கள் சங்கடப்படவும் வேண்டாம். ஆனால் ஒரு வாசகருக்கு ஒரு நாவலில் பிடித்துப்போவது பெரும்பாலும் பாடுபொருளாக இருப்பதில்லை, அந்தக் கதையை நடத்திக்கொண்டு போகிற ஆள், அது நகரும் வேகம், சொல்கிறவரின் குரல் இப்படி ஏதோ ஒன்றாக இருக்கும். அது எது என்று கண்டுபிடிக்க, பிடித்த புத்தகத்தைவிட நீங்கள் கைவிட்ட மூன்று புத்தகங்கள்தான் அதிகம் உதவும்.

உடையாரை எடுத்துக்கொள்வோம். பாலகுமாரன் ஆறு பாகமாக எழுதியது, மையம் தஞ்சைப் பெரிய கோயில். கதை தொடங்கும்போதே ராஜராஜன் அசைக்க முடியாத சக்கரவர்த்தி, யார் அரசனாவது என்ற கேள்வியே கிடையாது. இவ்வளவு பெரிய கற்றளியை எப்படி எழுப்புவது, அதற்கு எத்தனை விதமான மனிதர்களை ஓரிடத்தில் சேர்ப்பது, அவர்களுக்குள் வரும் பூசலை எப்படித் தீர்ப்பது, இவைதான் கதை. சிற்பிகள், படைவீரர்கள், அந்தணர்கள், ஆடல் மகளிர் எல்லாரும் நின்று நிதானமாகப் பேசுவார்கள், தங்கள் மனசுக்குள் நடப்பதையும் பேசுவார்கள். பெரிய கோயில் கல்வெட்டில் 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் ஆடல் மகளிரின், பெயரும் அவர்களுக்கு ஒதுக்கிய வீடுகளும் வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. அந்தக் கல்வெட்டை வாசிக்கும்போது இந்தப் பெண்கள் எந்தெந்த ஊரிலிருந்து எப்படி வந்திருப்பார்கள் என்று யோசிக்கிற மனசு உள்ளவருக்கு உடையார் பெரிய விருந்து. உங்களுக்குப் பிடித்ததோ யாராவது துரத்த யாராவது ஓடுகிற பாகம். ஆபத்து இல்லாத இடத்தில் உங்களுக்குப் பொறுமை போயிருக்கும்.

அப்படியென்றால் கடல் புறாவில் ஆபத்துக்கு என்ன குறைச்சல்? பாலூர்ப் பெருந்துறையில் கருணாகரத் தொண்டைமான் இறங்கிய நிமிஷத்திலிருந்து ஆபத்துதான். அமீர், கண்டியத்தேவன், அகூதா என்று ஒவ்வொருவரும் மறக்க முடியாத ஆட்கள், மரக்கலப் போரை இவ்வளவு விவரமாகத் தமிழில் எழுதியவர் சாண்டில்யன் அளவுக்கு வேறு யாரும் இல்லை என்பேன். ஆனால் இரண்டு விஷயம் இடிக்கும். ஒன்று, பெண்ணின் அழகை வர்ணிக்கத் தொடங்கினால் கதை அப்படியே நின்றுவிடும், பக்கம் பக்கமாக நிற்கும். இன்னொன்று முக்கியமானது, அவருடைய நாயகனுக்கு எல்லாம் முன்கூட்டியே தெரியும். எதிரி என்ன செய்வான், எங்கே வருவான் என்று கணக்குப் போட்டு வைத்துவிட்டு மற்றவர்கள் திகைத்து நிற்கும்போது விளக்குவான். வந்தியத்தேவன் அப்படியா? அவனுக்கு அடுத்த நிமிஷம் என்ன நடக்கும் என்று தெரியாது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வான், வாயாலேயே தப்பிப்பான், இடுப்பில் இருந்த ஓலையையே தொலைத்துவிட்டு முழிப்பான். இளவரசர் இருக்கிறார் என்று நம்பி அவசர அவசரமாக ஏறின கப்பலில் சதிகாரர்களான ரவிதாஸனும் தேவராளனும் இருப்பார்கள். அப்புறம் இடி விழுந்து பாய்மரம் பற்றி எரிந்து, இளவரசர் அருள்மொழிவர்மர் வந்து அவனைக் காப்பாற்றி, கடைசியில் இளவரசரையும் அவனையும் பூங்குழலி படகில் ஏற்றிக்கொள்ள வேண்டிவரும். நாயகனைப் பெண் காப்பாற்றுகிறாள், அதில் அவனுக்கு ஒரு குறைச்சலும் இல்லை. இந்தத் தடுமாற்றம்தான் உங்களுக்குப் பிடித்தது, கப்பல் அதற்கு ஒரு மேடை மட்டும்.

காவல் கோட்டம் நின்ற காரணம் இதைவிட எளிது. சு. வெங்கடேசனின் அந்த நாவலுக்குத் தனி நாயகன் கிடையாது. மாலிக் காபூர் படையெடுப்பில் தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஏறக்குறைய 600 வருஷம், மதுரைக் கோட்டை, தாதனூர், காவல் முறை, கடைசியில் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒரு சமூகமே அதில் நாயகன். ஒருவரோடு பழகி முடிப்பதற்குள் அடுத்த தலைமுறை வந்துவிடும். வந்தியத்தேவனோடு மூன்றரை வருஷத் தொடர்கதை நீளத்துக்குச் சுற்றிவிட்டு வந்தவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கை அங்கே இல்லை. 2011ஆம் ஆண்டு சாகித்ய அகாதெமி விருது பெற்ற நாவல், கட்டாயம் திரும்பி வாருங்கள், ஆனால் இப்போது வேண்டாம்.

ஆக, உங்களுக்குத் தேவை சோழரும் இல்லை, கப்பலும் இல்லை. ராஜ்யம் இல்லாத, சொத்து இல்லாத, வாய்த்துடுக்கு மட்டும் உள்ள ஒரு இளைஞன் பெரிய மனிதர்களின் பெரிய விவகாரங்களுக்கு நடுவில் சிக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்ற வேண்டும். அவன் என்ன ஆவான் என்று நமக்குக் கவலை இருக்க வேண்டும். சுற்றிலும் நிஜமான சரித்திரம் இருக்க வேண்டும். இப்படிச் சொல்லிப் பார்த்தால் தேட வேண்டிய இடமே மாறிவிடுகிறது.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பொன்னியின் செல்வன் 1950இலிருந்து 1954 வரை கல்கி வார இதழில் வாரா வாரம் வந்த தொடர்கதை. முந்நூறுக்குக் கொஞ்சம் குறைவான அத்தியாயங்கள், பெரும்பாலானவை அடுத்த வாரம் வரை ஆளைப் பிடித்து நிறுத்துகிற மாதிரி முடியும். அன்றைக்கு அதைப் படித்தவர்கள் ஒரு வாரம் காத்திருந்து படித்தார்கள், நீங்களும் நானும் அந்தக் கொக்கிகளை வரிசையாக ஒரே இரவில் இருபது என்று விழுங்கியிருக்கிறோம். அது ஒரு பழக்கத்தை உண்டாக்கிவிடும். அடுத்து எடுக்கிற நாவல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அத்தியாயம் அமைதியாக முடிந்தால் ‘இது நகரவே இல்லையே’ என்று தோன்றும். அதனால் உடனே தொடர்கதை மரபே இல்லாத ஒரு நாவலுக்குத் தாவாமல், நடுவில் ஒன்று வைத்துக்கொள்வது நல்லது.

அந்த நடுவில் வைக்க வேண்டியது சிவகாமியின் சபதம். எல்லாரும் சொல்கிற பெயர்தான், ஆனால் நான் சொல்கிற காரணம் வேறு. அதன் முதல் பாகத்தின் பெயர் ‘பரஞ்சோதி யாத்திரை’. படிப்பதற்காகக் காஞ்சிக்கு நடந்து வருகிற ஒரு கிராமத்துப் பையன், வந்த முதல் நாளே மதயானை ஒன்றால் வம்பில் மாட்டிக்கொண்டு, அப்புறம் நாகநந்தி என்ற பிக்ஷுவின் ஓலையைச் சுமந்துகொண்டு வடக்கே போகிறான். தான் எதைச் சுமக்கிறோம் என்று அவனுக்கே தெரியாது. வந்தியத்தேவனுக்கு மூத்த அண்ணன் மாதிரி ஒரு பாத்திரம், எழுதப்பட்ட வரிசையிலும் அவன்தான் முந்தியவன், கல்கி இதை 1944இல் தொடராகத் தொடங்கினார். ஒரு எச்சரிக்கை: மூன்றாம், நான்காம் பாகம் போகப் போகக் கதை கனத்துக்கொண்டே போகும், பொன்னியின் செல்வனில் இருக்கிற குதூகலம் அங்கே கிடைக்காது. என் கணக்கில் கட்டுக்கோப்பில் இதுதான் கல்கியின் ஆகச் சிறந்த சரித்திர நாவல், சிதறலே கிடையாது. பார்த்திபன் கனவை அதற்குப் பிறகு படியுங்கள். கல்கி அதைத்தான் முதலில் எழுதினார், ஆனால் கதை நடக்கும் காலம் சிவகாமிக்குப் பிந்தியது. மாமல்ல நரசிம்மரை நடுத்தர வயதில் பார்க்கும்போது அவருடைய இளமை முழுக்க உங்களுக்குத் தெரிந்திருந்தால் அந்தச் சின்ன நாவலுக்கு வேறு ஆழம் வந்துவிடும்.

ஆங்கிலம் சரளமாக வரும் என்றால் இன்னொரு வழியும் உண்டு, டூமாவின் மூன்று மஸ்கட்டியர்கள். அதுவும் 1844இல் பாரிஸ் நாளிதழ் ஒன்றில் தொடராக வந்ததுதான். அப்பா கொடுத்த சிபாரிசுக் கடிதத்தோடு மட்டக் குதிரையில் ஊரைவிட்டுக் கிளம்புகிற பையன், வழியிலேயே சண்டை போட்டுக் கடிதத்தைத் தொலைக்கிறான். முதல் அத்தியாயம் முடிவதற்குள் உங்கள் ஆளை அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

இனி நான் உண்மையில் சொல்ல நினைப்பது. ப. சிங்காரம் எழுதிய ‘புயலிலே ஒரு தோணி’. இந்தப் பெயரை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் இதில் ராஜா இல்லை, ராணி இல்லை, சோழர் இல்லை. நடப்பது இரண்டாம் உலகப் போர்க் காலம், இடம் இன்றைய இந்தோனேசியாவின் மெடான், அப்புறம் பினாங்கு, இன்னும் பல துறைமுகங்கள். ஜப்பானியப் படை மெடானுக்குள் நுழைவதிலிருந்து தொடங்குகிறது. நாயகன் பாண்டியன், பிழைக்கப்போன இடத்தில் செட்டியார் கடைகளின் உலகத்தில் வளர்ந்த தமிழ் இளைஞன், ஊர் ஊராகப் போகிறான், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்கிறான், உளவு, ஓட்டம், கொலை, காதல், பேச்சு என்று போய்க்கொண்டே இருக்கிறான். கிண்டல், துணிச்சல், ஒரு இடத்தில் நிற்காத கால், யார் முன்னாலும் வளையாத வாய், எல்லாம் அவனிடம் உண்டு. பினாங்குக்குத் தொங்கான் என்ற சரக்குத் தோணியில் போகும்போது நடுக்கடலில் புயல் அடிக்கும் அத்தியாயத்தைப் படித்துவிட்டு, பொன்னியின் செல்வனின் இரண்டாம் பாகமான சுழற்காற்றில் வரும் கடல் அத்தியாயங்களைத் திரும்ப ஒருமுறை புரட்டிப் பாருங்கள். கல்கியின் புயல் நம்மை மிரட்டிவிட்டு வீட்டுக்கு அனுப்பிவைக்கும் புயல். சிங்காரத்தின் புயலில் வாக்கியங்களே உடைந்து சிதறும், தோணி ஆடுகிற ஆட்டம் படிக்கிற கண்ணுக்குத் தெரியும்.

வித்தியாசங்களையும் மறைக்கக் கூடாது. கல்கி ஒரு தாத்தா கதை சொல்கிற பாங்கில் ‘வாசகர்களே’ என்று கையைப் பிடித்து அழைத்துப்போவார், ஒன்றும் கெட்டதாக நடந்துவிடாது என்ற தைரியம் நமக்கு இருக்கும். சிங்காரம் கையை விட்டுவிடுவார். மெடான் தெருக்களின் பெயரும் கடைகளின் பெயரும் மலாய்ச் சொற்களும் மதுரைத் தெருக்களின் நினைவும் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து விழும், முதல் சில அத்தியாயங்களில் பாதி புரியாது. நின்று அர்த்தம் தேடாதீர்கள், ஓடவிட்டுப் படியுங்கள், கொஞ்ச நேரத்தில் காது பழகிவிடும். தமிழர் பெருமையைப் பற்றி நண்பர்கள் குடித்துக்கொண்டே விவாதிக்கும் பகுதிகள் வரும், அங்கே சிரிப்பும் வரும், நம்மைப் பற்றியே யோசனையும் வரும். பொன்னியின் செல்வன் படித்த சூட்டோடு அதைப் படிப்பதில் தனிப் பயன் உண்டு, ஒரு தமிழ் மனம் தன் பழம்பெருமையை எப்படிக் கட்டுகிறது, எப்படிக் கேள்வி கேட்கிறது என்ற இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம்.

சிங்காரம் சிவகங்கைச் சீமையின் சிங்கம்புணரியில் பிறந்தவர், 1938இல் மெடானுக்கு வேலைக்குப் போனவர், போர் முடிந்த பிறகு திரும்பி வந்து மதுரையில் தினத்தந்தியில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். நாவல் என்று எழுதியது இரண்டே இரண்டு. முதல் நாவல் ‘கடலுக்கு அப்பால்’ 1959இல் வந்தது, புயலிலே ஒரு தோணி 1972இல். இவ்வளவு பெரிய சாதனையை உயிரோடு இருந்தபோது தமிழ் உலகம் போதிய அளவு கொண்டாடவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம், அதனாலேயே யார் கேட்டாலும் இந்தப் பெயரைச் சொல்கிறேன். உங்களுக்கு என் யோசனை, கடலுக்கு அப்பாலை முதலில் படியுங்கள். சின்னது, நேரான கதை, செல்லையா என்ற இளைஞன், மரகதம் என்ற பெண், பினாங்கு, போர். அந்த உலகம் பழகிய பிறகு புயலிலே ஒரு தோணிக்குள் இறங்கினால் தடுமாற்றம் பாதியாகக் குறைந்துவிடும்.

இன்னும் கொஞ்ச காலம் ராஜா காலத்திலேயே இருக்க ஆசை என்றால் காவல் கோட்டம் எழுதிய அதே சு. வெங்கடேசனின் ‘வேள்பாரி’. உடையாரைப் போலத் தேங்கி நிற்காது. ஆனந்த விகடனில் நூறு வாரத்துக்கு மேல் தொடராக வந்தது என்பதால் அந்தத் தொடர்கதைக் கொக்கி இதிலும் உண்டு. கபிலர் நீலனோடு பறம்பு மலை ஏறுகிற தொடக்க அத்தியாயங்களே மூச்சு வாங்கவைக்கும். காடு, செடி, விலங்கு, வேட்டை, குலங்கள் என்று விவரங்கள் கொட்டிக் கிடக்கும். பொன்னியின் செல்வனுக்கு அன்று ஓவியம் வரைந்தவர் மணியம், வேள்பாரித் தொடருக்கு வரைந்தவர் அவர் மகன் மணியம் செல்வன், அதற்காகவே ஓவியங்களோடு உள்ள பதிப்பாக வாங்குங்கள். நாயகர்களில் தடுமாற்றம் குறைவு, பாரி கிட்டத்தட்டக் குறையே இல்லாத மனிதன். அது எனக்குக் கொஞ்சம் குறையாகத் தெரிகிறது, பலருக்குத் தெரியவில்லை.

சரி, வந்தியத்தேவனை விட்டுவிட்டு உங்களை இன்னொன்று கேட்கிறேன். அருள்மொழியின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற கேள்வி படித்து முடித்த பிறகும் மண்டையைக் குடைகிறதா? அப்படியென்றால் நாவலே வேண்டாம், சரித்திரப் புத்தகம் ஒன்றை எடுங்கள், நாவலைவிட வேகமாகப் போகும். தி. வை. சதாசிவ பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’ தமிழிலேயே எழுதப்பட்டது, நடையும் தெளிவு. கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறும் தமிழில் மொழிபெயர்ப்பாகக் கிடைக்கிறது. இந்த இரண்டு பேரும் கொலை விஷயத்தில் நேர் எதிராக நிற்கிறார்கள். சாஸ்திரியாருக்குப் பின்னர் அரசனான உத்தம சோழன்மேல் சந்தேகம், பண்டாரத்தார் அதை ஏற்க மறுத்து வாதாடுகிறார். இருவரும் நம்பி நிற்பது காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு ஒன்றை. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அது, கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலானோர் பெயரைச் சொல்லி அவர்கள் சொத்தையும் உறவினர் சொத்தையும் கைப்பற்றியதைப் பேசுகிறது. ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரம்மாதிராசன் என்ற பட்டம் வேறு இருக்கிறது. அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருப்பவர்களுக்குக் கிடைக்கிற பட்டம் அது, அதோடு பஞ்சவன் என்பது பாண்டியன் பெயர். காட்டில் ஆந்தை மாதிரி அலறுகிற நாவல் ரவிதாஸனைப் படித்துவிட்டு இதைப் படிக்கும்போது எனக்குச் சிலிர்த்தது. நாவலின் முதல் காட்சி வீரநாராயண ஏரிக்கரை, அதாவது இன்றைய வீராணம், அந்தக் கல்வெட்டு உள்ள ஊரும் அந்த ஏரியின் பக்கத்தில்தான் இருக்கிறது. நாவல் தொடங்குகிற இடத்துக்கு அருகிலேயே அதன் கடைசிக் கேள்விக்கான சாட்சி கல்லில் நிற்கிறது. ஒரு நாள் ஒதுக்கிப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், கும்பகோணத்திலிருந்தோ சிதம்பரத்திலிருந்தோ எளிதாகப் போகலாம்.

கதை மேற்கொண்டு என்ன ஆனது என்ற ஆவல் இருந்தால், முதலில் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். நாவல் முடிந்த பிறகு அருள்மொழி ராஜராஜனாக அரியணை ஏற 985 வரை, ஏறக்குறைய பதினைந்து வருஷம் ஆனது. அந்த இடைவெளிக்குள் புகுந்து விக்கிரமன் எழுதியது ‘நந்திபுரத்து நாயகி’. பாத்திரங்களைப் பிரிய மனமில்லாதவர்களுக்கு அது ஒரு ஆறுதல், ஆனால் கல்கியின் நகைச்சுவையை அதில் தேடக் கூடாது. அதைவிட எனக்குப் பிடித்தது அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’, ராஜேந்திரன் காலம், ஈழத்தில் இருந்த பாண்டியர் மணிமுடியை மீட்பது. அதில் வல்லவரையர் வந்தியத்தேவர் முதியவராக வருவார். இருபது வயதில் அவரோடு குதிரையில் சுற்றிய வாசகருக்கு அந்த நரைத்த தலையைப் பார்ப்பது என்னவோ செய்யும்.

நந்தினிதான் உங்களைப் பிடித்து வைத்திருந்தாள் என்று யாராவது சொன்னால் அவர்களைச் சரித்திர நாவல் பக்கமே அனுப்ப மாட்டேன், தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ கொடுப்பேன். அலங்காரத்தம்மாள் அரண்மனையில் இல்லை, சென்னையில் ஒரு வீட்டில் இருக்கிறாள், ஆனால் அந்த நிமிர்வும் அந்தப் புதிரும், சரியா தப்பா என்று நம்மால் தீர்ப்புச் சொல்ல முடியாத நிலையும் அங்கே உண்டு. பூங்குழலியும் கோடிக்கரைக் கடலும் என்றால் வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’, ஒரு மாலையில் முடித்துவிடலாம், பிலோமியை ஆயுசுக்கும் மறக்க முடியாது. அது பிடித்தால் ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’. காவிரிக்கரை மண்ணும் தண்ணீரும்தான் என்றால் ‘மோகமுள்’, கூடவே சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’ என்ற பயண நூல், குடகிலிருந்து பூம்புகார் வரை ஆற்றோடு போகலாம். நீளம்தான் வேண்டும், முடியவே கூடாது என்பவர்களுக்கு ஜெயமோகனின் ‘வெண்முரசு’, 26 நாவல்கள், ‘முதற்கனல்’ முதல் நாவல், இணையத்திலேயே இலவசமாக வாசிக்கலாம்.

கல்கியின் குரலே போதும், எந்தக் காலமானாலும் சரி என்று தோன்றினால் ‘அலை ஓசை’ இருக்கிறது. சரித்திர நாவல் என்று நினைக்காததால் பலர் தொடுவதில்லை. 1934 பீகார் பூகம்ப காலத்தில் தொடங்கி தேசப் பிரிவினை, காந்தி கொலை வரை போகிறது. தன் புத்தகங்களில் ஐம்பது, நூறு வருஷம் நிலைக்கத் தகுதி உள்ளது ஒன்று உண்டென்றால் இதுதான் என்று கல்கியே முன்னுரையில் எழுதியிருக்கிறார். அவர் மறைவுக்குப் பிறகு சாகித்ய அகாதெமி விருது கிடைத்ததும் இதற்குத்தான். சீதாவின் கதை கண்ணைக் கலங்கவைக்கும். நடுவில் அரசியல் பேச்சு கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளலாம்.

வாங்குவது பற்றி. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனதால் யார் வேண்டுமானாலும் பதிப்பிக்கலாம், அதனால் மலிவுப் பதிப்புகள் ஏராளம். சிலவற்றில் எழுத்துப்பிழை மலிந்து கிடக்கும், சில ‘சுருக்கம்’ என்று அட்டையில் சின்னதாகப் போட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். மதுரைத் திட்டம் (Project Madurai) என்ற இணையத் தளத்தில் கல்கி நாவல்கள் இலவசமாகவே இருக்கின்றன. சிங்காரத்தின் இரண்டு நாவல்களும் ஒரே தொகுதியாகவும் பதிப்பிக்கப்பட்டுள்ளன, கடையில் கேட்டுப் பாருங்கள். நூலக உறுப்பினராக இருந்தால் இன்னும் நல்லது, காசு கொடுத்து வாங்காத புத்தகத்தைப் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுப்பது சுலபம். மாவட்ட மைய நூலகங்களில் நாவல் அடுக்குகள் நன்றாகவே இருக்கும்.

இனி எந்தப் புத்தகத்தைக் கைவிட்டாலும் வைக்கும்போது எந்தப் பக்கத்தில், எதனால் வைத்தீர்கள் என்று ஒரு வரி எழுதிவையுங்கள். ‘ஆள் பிடிபடவில்லை’, ‘வர்ணனை அதிகம்’, ‘பேச்சு வழக்கு புரியவில்லை’ என்று அந்த வரி போதும். நாலைந்து வரி சேர்ந்தால் உங்கள் ருசி உங்களுக்கே தெரிந்துவிடும், அப்புறம் என்னை மாதிரி ஆட்களைக் கேட்க வேண்டிய தேவை குறையும்.

இப்போதைக்கு உங்களுக்கு வரிசை: பரஞ்சோதி யாத்திரையை மட்டும் முதலில் படியுங்கள், பிடித்தால் சிவகாமியை முழுக்க முடியுங்கள், பிடிக்காவிட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு நேராகக் கடலுக்கு அப்பால், அதன் பிறகு புயலிலே ஒரு தோணி. தொங்கான் புயலில் மாட்டுகிற அத்தியாயம் வரைக்கும் பொறுத்துப் பாருங்கள். அதற்கும் மேல் ஒட்டவில்லை என்றால் எந்த இடத்தில் நின்றீர்கள் என்று எழுதுங்கள், அதை வைத்து வேறு சொல்கிறேன்.